இதுக்கு எங்க வேலைக்கு வரணும்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் சென்னை சபைகளில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகள் நீண்டுகொண்டே போகும். பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) ஒரு பக்கம், உபவாச ஜெபம் ஒரு பக்கம், கூடவே வாலிபர் ஐக்கியத்தின் ஊழியப் பயணம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் செயலரைப் பார்க்கவும். ஒரு வேன், ஸ்பீக்கர், கீபோர்டு, சுவிசேஷக் கைப்பிரதிக் கட்டு, பெண்கள் ஐக்கியத்து அக்காமார் கட்டித்தரும் புளிசாதம். பெரம்பூரில் வளர்ந்த எனக்கு இந்தப் பட்டியல் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மிஷனரி ஆர்வம் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பரம்பரைச் சொத்து. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது அசரியாவும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு பிடிவாதம் வைத்திருந்தார்கள்: ஆள் நம் ஆள், பணம் நம் பணம், நிர்வாகமும் நம்முடையது. திருநெல்வேலிக்காரர்கள் மொழி தெரியாத ஐதராபாத் நிஜாம் சீமைக்குப் போய்த் தெலுங்கு கற்றுக்கொண்டு ஊழியம் செய்தார்கள். அந்த அசரியாதான் 1912-இல் தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இதற்கெல்லாம் காசு பெரிய இடத்திலிருந்து மட்டும் வரவில்லை. நாசரேத்துப் பக்கம் என் பாட்டி வீட்டில் அடுப்படியில் ஒரு கலயம் இருக்கும். பாட்டி உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போய்விடும். வீட்டில் அரிசி தட்டுப்பாடான மாதங்களிலும் கலயம் வெறுமையாகப் போனதில்லை என்று அப்பா சொல்வார்.

ஆகவே எங்கள் ஞாயிறுபள்ளிச் சுவரில் இந்திய வரைபடம் தொங்கியதில் அதிசயம் இல்லை. ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் மால்டோ மக்களுக்காக ஜெபித்தோம், குஜராத்தின் டாங்ஸ் மாவட்டத்துக்காக ஜெபித்தோம். அங்கெல்லாம் போன தமிழ் மிஷனரிகள் மலேரியாவில் விழுந்து எழுந்த கதைகளைக் கேட்டு அழுதோம். பெரம்பூரிலிருந்து லோக்கல் ரயில் பிடித்தால் போய்விடக்கூடிய தூரத்தில் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள் என்பது அந்த வரைபடத்தில் இல்லை.

இருளர்களைச் சென்னைக்காரர்கள் பாம்பை வைத்துத்தான் அறிவார்கள். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குச் சுற்றுலா போனவர்கள், பானையிலிருந்து பாம்பை எடுத்து விஷம் கறப்பதை வேடிக்கை பார்த்திருப்பார்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோனது. அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கு 1978-இல் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் பாம்பு விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கின் விஷம்தான் நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் ஊசிக்கு மூலப்பொருள். வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதெல்லாம் பெருமைதான். ஆனால் திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் இருக்கிற இருளர்களில் பாம்புச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் மரம் வெட்டப் போகிறார்கள், செங்கல் சூளைக்குப் போகிறார்கள், அரிசி ஆலைக்களத்தில் நெல் அவிக்கிறார்கள், வயலில் எலி பிடிக்கிறார்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் உப்பங்கழியில் இறால் தடவுகிறார்கள். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு இவர்களையும் சேர்த்து ஆறு இனங்களை மிகவும் நலிவடைந்த பழங்குடியினர் என்று அரசு வகைப்படுத்தியிருக்கிறது.

எங்கள் வேன் போனது பொன்னேரியைத் தாண்டி உப்பங்கழியை ஒட்டிய ஒரு குடியிருப்புக்கு. ஊர்ப் பெயர் வேண்டாம். ஓலையும் தார்ப்பாயும் போட்ட வீடுகள், நடுவில் ஒரு வேப்பமரம், ஒரு கைபம்பு. நாங்கள் போனபோது பெண்கள் தண்ணீரில் இருந்தார்கள். அந்த இறால் பிடிப்பை அதுவரை நான் பார்த்ததில்லை. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கழுத்தளவு நீர் வரும்படி உட்கார்ந்த நிலையிலேயே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுகிறார்கள். இறால் விரலில் தட்டுப்பட்டதும் அழுத்திப் பிடித்து, பனையோலையில் பின்னிய பறிக்குள் போடுகிறார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். மணிக்கணக்காக வாய் திறக்க முடியாது. கரையேறிய ஒரு அக்காவின் விரல்களைப் பார்த்தேன். ஆளி ஓடு கிழித்த கீறல்கள், கெளுத்தி முள் குத்திய தழும்பு, ஊறி வெளுத்த தோல். பிடித்ததை வாங்கிக்கொள்ள வியாபாரி ஒருவர் தராசோடு பைக்கில் காத்திருந்தார். விலையை அவரே சொன்னார், எடையையும் அவரே சொன்னார்.

நிகழ்ச்சி வழக்கம்போல நடந்தது. பிள்ளைகளுக்கு ஆக்‌ஷன் பாட்டு, வாலிபர்கள் நாடகம், ஒரு அண்ணன் செய்தி கொடுத்தார். கண்ணை மூடச் சொன்னோம், மூடினார்கள். ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னோம், ஏறக்குறைய எல்லோரும் தூக்கினார்கள். அதற்கப்புறம்தான் வேனின் பின்கதவைத் திறந்து அரிசிப் பைகளை இறக்கினோம். வரிசையில் முன்னால் நின்ற ஆயா பையைத் தொட்டுப் பார்த்தாள், தூக்கவில்லை.

“இதுக்கு எங்க வேலைக்கு வரணும் சாமி?” என்றாள்.

அண்ணன் சிரித்துவிட்டு, “வேலைக்கெல்லாம் வரவேண்டாம் ஆயா, சும்மாதான்” என்றார்.

“சும்மா யாரு குடுப்பா? கண்ணு மூடினோம், கை தூக்கினோம். அது போதுமா, இல்ல இன்னும் வரணுமா?”

கேள்வியில் கிண்டல் இல்லை. கணக்கைத் தெளிவாக முடித்துக்கொண்டு போக நினைத்தாள், அவ்வளவுதான். பின்னால் நின்றவர்களும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். திரும்பி வரும்போது வேனில் மைக் சுற்றி வந்தது. எத்தனை கைகள் உயர்ந்தன என்று எண்ணிச் சொன்னார்கள், ஸ்தோத்திரம் சொன்னோம்.

அந்த ஆயாவின் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது, அங்கே அடிக்கடி போக ஆரம்பித்தபிறகு மெல்லப் புரிந்தது. அவளுடைய வாழ்க்கை முழுவதும் முன்பணத்தால் கட்டப்பட்டது. கல்யாணச் செலவு, பிரசவம், சாவு என்று ஏதோ ஒரு நெருக்கடியில் சூளைக்காரரோ மில்காரரோ சில ஆயிரங்களைக் கையில் வைப்பார். அதிலிருந்து குடும்பமே அவருக்குச் சொந்தம். புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை எல்லோரும் களத்திலேயே தங்க வேண்டும். நெல்லை ராத்திரி அவித்து, விடியற்காலம் களத்தில் கொட்டிக் காலால் பரப்பி, மழை மேகம் கண்டால் ஓடிக் குவிக்க வேண்டும். கூலியில் கழித்துக்கொண்டே வருகிறேன் என்பார் முதலாளி. கடன் மட்டும் கழியாது. சந்தைக்குப் போக வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒருவர் பிணையாகக் களத்தில் இருக்க வேண்டும்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். அந்தச் சட்டப்படி இப்படிப்பட்ட கடன் கடனே அல்ல, திருப்பிக் கேட்பதே குற்றம். மீட்கப்பட்டவர்களுக்குக் கோட்டாட்சியர் விடுதலைச் சான்று தர வேண்டும், உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்க வழியிருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து ஆலைகளிலிருந்தும் சூளைகளிலிருந்தும் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் ஏராளம். ஆயாவின் மகன் குடும்பமும் அப்படி வந்ததுதான். முதலில் கொடுக்கிறவன் கடைசியில் ஆளையே கேட்பான் என்பதை மூன்று தலைமுறையாகப் பார்த்தவள், அரிசிப் பையைப் பார்த்து வேறென்ன கேட்பாள்?

இங்கேதான் எனக்கும் எங்கள் ஐக்கியத்தில் சிலருக்கும் கருத்து வேறுபாடு தொடங்கியது. என் பேச்சு சுருக்கமானது. அரிசி கொடுக்கிற நாளில் சுவிசேஷம் வேண்டாம், சுவிசேஷம் சொல்கிற நாளில் அரிசி வேண்டாம். இரண்டையும் ஒரே வேனில் ஏற்றாதீர்கள். பசித்தவன் சொல்கிற ‘ஆமென்’ அரிசிக்குச் சொன்னதா ஆண்டவருக்குச் சொன்னதா என்று அவனுக்கே தெரியாது, நமக்கு எப்படித் தெரியும்?

எதிர்த்துப் பேசினவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு சித்தப்பா, அப்படித்தான் உறவு முறை, சபையில் மூப்பர், சுள்ளென்று கேட்டார்: “அப்போ நம்ம ஊழியத்துக்கும் லயன்ஸ் கிளப்புக்கும் என்னப்பா வித்தியாசம்?” நியாயமான கேள்விதான். நான் வேலூரைச் சொன்னேன். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை. அங்கே ஆஸ்பத்திரிக்குள்ளேயே சிற்றாலயம் இருக்கிறது, ஜெபிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காக ஜெபித்தால்தான் ஊசி என்று யாரும் சொல்வதில்லை. அது கிறிஸ்தவ ஊழியம் இல்லை என்று சித்தப்பாவால் சொல்ல முடியுமா? அவருக்கு பைபாஸ் நடந்தது அங்கேதான்.

இன்னொரு வாதமும் வந்தது. 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தபோது, பொருள் காட்டி இழுப்பதும் குற்றம் என்று அதில் இருந்தது. சபைகள் எல்லாம் கொதித்தன. 2004-இல் அது போய்விட்டது. “சட்டமே இல்லாதபோது நாமே ஏன் பயப்படணும்?” என்றார் செயலர். என் கவலை போலீஸ் இல்லை. சட்டம் கேட்பதற்கு முன்னாலேயே ஆயா கேட்டுவிட்டாளே!

பேச்சு இந்தத் திசையில் போனால் வாலிபர் கூட்டங்களில் யாராவது 2018-ஐ இழுப்பார்கள். அந்த நவம்பரில் ஜான் ஆலன் சௌ என்ற அமெரிக்க வாலிபர், அந்தமானில் வெளியுலகத் தொடர்பில்லாத பழங்குடியினர் வாழும் வடக்கு சென்டினல் தீவுக்கு மீனவர் படகில் போய்க் கொல்லப்பட்டார். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஒன்றும் தூரமில்லை, அங்கே உறவுக்காரர்கள் உள்ளவர்கள் எங்கள் சபையிலேயே உண்டு. அவரை இரத்தசாட்சி என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வெளியாட்கள் நெருங்கவே கூடாது என்று 1956 முதல் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. வெளியுலகக் கிருமி எதற்கும் பழகாத உடம்புகள் அவை. ஒரு சாதாரண ஜலதோஷம் அந்தத் தீவையே காலி செய்துவிடலாம். அவருடைய துணிச்சலை நான் மறுக்கவில்லை. அந்தத் துணிச்சலின் விலையை அவர் மட்டும் கொடுப்பதாக இல்லை என்பதுதான் விஷயம்.

சரி, நம் கழிக்கரைக்கு வருவோம். நாங்கள் சிலர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது அங்கே போகிறோம். செய்வது பெரும்பாலும் காகித வேலை. ஆதாரில் பிறந்த தேதி ஒன்று, ரேஷன் கார்டில் வேறொன்று, வங்கிப் புத்தகத்தில் பெயரே வேறு. பழங்குடியினர் நல வாரியத்தில் பதிவு, முதியோர் உதவித்தொகை, பட்டா மனு. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஜன்மன் திட்டத்தில் இப்படிப்பட்ட இனங்களுக்கு வீடு கட்டித் தருகிறார்கள். ஆனால் வீடு நிற்க மனை வேண்டும், மனைக்குப் பட்டா வேண்டும், பட்டாவுக்குத் தாலுகா ஆபீசில் யாராவது கால் கடுக்க நிற்க வேண்டும். இறாலுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் அங்கே நின்றால் அன்றைய அடுப்பு எரியாது. எங்களிடம் இருப்பது லீவும், பைக்கும், ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று மனு எழுதத் தெரிந்த கையும். ஆபீசில் சட்டை போட்ட ஆள் ஒருவர் கூட வந்து நின்றாலே குமாஸ்தா நாற்காலியைக் காட்டுகிறார் என்பது வெட்கக்கேடான விஷயம்தான். அந்த வெட்கக்கேட்டையும் பயன்படுத்திக்கொள்கிறோம்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது சாதிச் சான்று. பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் தர முடியாது. 1989 முதல் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அதற்கு முன்னால் விசாரணை உண்டு. அப்பனுக்குச் சான்று இருந்தால் பிள்ளைக்குச் சுலபம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பனுக்கு எந்தக் காலத்தில் சான்று இருந்தது? பிளஸ் டூ முடித்து நர்சிங் சேர நினைத்த ஒரு பெண்ணோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். எதிரில் இருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இருளர்னா பாம்பு பிடிக்கத் தெரியணுமே, தெரியுமா? எலியாவது பிடிப்பியா?” என்றார். அவள் துப்பட்டா நுனியைச் சுற்றிக்கொண்டே, “எங்க தாத்தாவுக்குத் தெரியும் சார். எனக்கு பயாலஜி தெரியும்” என்றாள். அன்றைக்கு வேலை நடக்கவில்லை. இன்னும் முடியவில்லை.

சபைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இந்தச் சான்றில் இருக்கிறது. குடியிருப்பில் என்னிடம் தனியாகக் கேட்டவர்கள் உண்டு: “சர்ச்சுக்கு வந்தா எஸ்டி சான்று போயிடுமா அண்ணா?” எங்கள் சபையில் உயர்நீதிமன்றத்தில் தொழில் செய்கிற அண்ணன் ஒருவர்தான் இதைப் பொறுமையாக விளக்கினார். பட்டியல் சாதியினருக்கு 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணையில் மத நிபந்தனை இருக்கிறது, கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். பழங்குடியினருக்கான ஆணையில் அப்படி ஒரு வரி கிடையாது. மிசோரத்திலும் நாகாலாந்திலும் கிறிஸ்தவர்கள் பழங்குடியினராகவே இருக்கிறார்கள் அல்லவா? ஆனால் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2004-இல் ஒரு கோடு போட்டிருக்கிறது. மதம் மாறியதாலேயே தகுதி போகாது. அவர் தன் இனத்தின் பழக்கவழக்கங்களை விட்டுவிட்டாரா, அந்த இனத்துக்குள்ள இடர்ப்பாடுகள் அவருக்கு இன்னும் இருக்கின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும் என்றது.

இதன் அர்த்தம் என்ன? ஞானஸ்நானம் எடுத்த குடும்பத்திடம் ‘இனிமேல் உன் சனத்தோடு சேராதே, அவர்கள் சடங்குக்குப் போகாதே, பேரை மாற்று’ என்று ஒரு போதகர் அடித்துச் சொன்னால், அவர் அந்தப் பிள்ளையின் கல்லூரி இடத்தின்மேல் கை வைக்கிறார். வேனில் வந்து இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. தெரியாமல் வருவதே எனக்குப் பொறுப்பற்ற செயலாகப் படுகிறது.

நான் கிறிஸ்தவன் என்பதை அங்கே யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சாப்பிடும் முன் ஜெபிக்கிறேன். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு ஜெபம் பண்ணுங்கள் என்று தாய் கேட்டால் தலையில் கைவைத்து ஜெபிக்கிறேன், முதலில் மாத்திரை கொடுத்தாயா என்றும் கேட்கிறேன். அங்கிருந்து ஒரு குடும்பம் ஆராதனைக்கு வருகிறது. அவர்களுக்கு நாங்கள் அரிசி கொடுத்ததே இல்லை. அந்த அக்கா வந்து உட்காருவது கடைசி பெஞ்சில், பாட்டு மட்டும் உரக்கப் பாடுவாள். எனக்கு அதில் சந்தோஷம் இல்லாமல் இல்லை.

மாசி மகத்துக்கு ஆயா எங்களைக் கூப்பிட்டாள். வருஷா வருஷம் மாசிப் பௌர்ணமிக்கு இருளர்கள் பல மாவட்டங்களிலிருந்தும் மகாபலிபுரம் கடற்கரைக்கு வந்து கூடுவார்கள். அவர்களுடைய தெய்வமான கன்னியம்மா கடலிலிருந்து வருகிற நாள். ஐக்கியத்தில் பெரிய விவாதம் நடந்தது. விக்கிரக ஆராதனைக்கு நாம் போகலாமா என்றார்கள். ஆயரிடம் போனோம். அவர், “கல்யாண வீட்டுக்குப் போகிறாற்போல் போய்வாருங்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நாலைந்து பேர் போனோம்.

மணல் முழுக்கப் புடவையாலும் போர்வையாலும் கட்டிய சின்னச் சின்னக் கூடாரங்கள். விடியற்காலையில் அலையோரம் மணலில் படி பிடித்து, பூவும் தேங்காயும் வைத்துக் கும்பிட்டார்கள். சிலருக்குச் சாமி வந்தது. பக்கத்திலேயே கல்யாணங்கள் நடந்தன, நிச்சயதார்த்தமும் நடந்தது. சூளைக்கும் ஆலைக்கும் சிதறிப்போன சொந்தங்கள் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தன. ஆயா எங்களைத் தன் கூடாரத்துக்குள் இழுத்து உட்காரவைத்து, சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். சாப்பிடுவதற்கு முன்னால் எங்களைக் கும்பிடச் சொல்லவில்லை. பூ கொடுக்கும்போதுகூட, “உங்க வீட்ல இதெல்லாம் வாங்கமாட்டீங்க இல்ல?” என்று அவளே கையை இழுத்துக்கொண்டாள்.

இந்த வருஷமும் ஊழியப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அறிவிப்பு வந்துவிட்டது. போகிறவர்கள் போகட்டும். பாடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வேண்டியது வேறு மாதிரி ஆட்கள். நில அளவைப் படம் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஒருவர், வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. அந்த நர்சிங் பெண்ணின் விண்ணப்பத்துக்காக வருகிற திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறோம். மனு கணினியில் ஏறி ரசீது கிடைக்க வரிசை நீளம். காலை எட்டரைக்குள் திருவள்ளூர் வந்துவிடுங்கள். ஜெராக்ஸுக்குச் சில்லறை கொண்டுவாருங்கள், உள்ளே கடை இல்லை.